வாளி வந்தால் காற்று

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, ஊரின் விளிம்பில் இருக்கும் சோலார் வயலின் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பேனல்களும் சூரியனை விட்டுவிட்டு, தங்களைக் கழுவ வந்த வாளியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வாளி என்பது ஆளின் பெயர். எந்நேரமும் கையில் ஒரு நீல வாளியோடு திரிவதால் தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது. வாளி முதல் வரிசையிலிருந்து ஒன்பதாம் வரிசைக்கு நடந்தார், எண்பத்தெட்டு வரிசையும் கூடவே திரும்பின. செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார், அவையும் குனிந்தன. யாரோ பெரிய மனிதர் தனக்குப் பின்னால் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்து அவர் ஒதுங்கி வழிவிட்டார். யாரும் வரவில்லை. சரி, நமக்கென்ன என்று துடைப்பானை நனைத்து வேலையைத் தொடங்கினார். அன்றைய வெயில் சுமார், மேகம் கொஞ்சம், மின்சாரம் வழக்கத்தைவிடப் பதினோரு சதவீதம் அதிகம்.

இதைக் கன்ட்ரோல் அறையின் கண்ணாடி வழியாக ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவர் ஏணியார். வாளிக்கு அவர் சகலை. அக்காவைக் கட்டியவர் ஏணியார், தங்கையைக் கட்டியவர் வாளி. ஏணியார் தன் ஆயுசில் ஏணி ஏறியதில்லை, நாற்காலிமேல் நின்று பல்பு மாற்றவே அவருக்குத் தலை சுற்றும். பேனல்களைக் காவல் காக்கும் கன்ட்ரோலருக்குள் அவர் எழுதும் நிரலுக்கு லேடர் என்று பெயர், படிப்படியாகக் கோடு கோடாக இருக்கும். கல்யாணமான புதிதில் தெருவில் யாரோ வேலையைப் பற்றி விசாரிக்க, "லேடர் எழுதுறேன்" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து ஏணியார் ஆனதுதான், பரணைச் சுத்தம் செய்ய ஏணி இரவல் கேட்டு இன்றைக்கும் வீட்டுக்கு ஆள் வருகிறது.

பன்னிரண்டு வருஷமாக அந்த வயலுக்கு அவர்தான் எல்லாம். இரும்பு அலமாரிக்குள் செருப்புப் பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர், ஒவ்வொரு வரிசையிலும் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது, எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது, எங்கேயாவது கசிகிறதா என்று நொடிக்கு ஒரு தடவை விசாரிக்கும். சந்தேகம் வந்தால் அந்த வரிசையைத் துண்டித்துவிடும். இத்தனையிலும் ஏணியாருக்குச் செல்லப்பிள்ளை காற்றுக் கோடு. உயரமான கம்பத்தின் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும், காற்று எல்லை தாண்டினால் கன்ட்ரோலர் பேனல்களைப் பார்த்து, போதும், சூரியனை விடுங்கள், வானத்தைப் பார்த்துத் தட்டையாகப் படுங்கள் என்று சொல்லும். நிமிர்ந்து நின்றால் காற்று பாயை அடிப்பதுபோல் அடித்துத் தூணோடு பிடுங்கிவிடும். அவருடைய நிரலில் பேனல்கள் சூரியனை விட்டு விலகுவதற்கு அந்த ஒரு காரணம்தான் உண்டு. தங்கை வீட்டுக்காரருக்கு வேலை வாங்கித் தரும்படி மனைவி இரண்டு வருஷம் நச்சரித்தபோது, "கழுவுற வேலைதான் காலியா இருக்கு, பாவம்" என்று ஏணியார் வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உதட்டோடு நின்றுவிட்டதைத் தெரு கவனிக்காமல் இல்லை.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு ஏணியார் ஒரு வாரம் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒயர்களைப் பிரித்து மாட்டினார், மோட்டார்களைச் சோதித்தார், கன்ட்ரோலரையே கழற்றிவிட்டு உதிரியாக இருந்த இன்னொன்றை மாட்டினார். புதிய கன்ட்ரோலர் போட்ட முதல் மணி நேரத்திலேயே பேனல்கள் வாளி உட்கார்ந்திருந்த கழிவறைக் கதவைப் பார்த்துத் திரும்பி மரியாதையாக நின்றன. எட்டாம் நாள்தான் சூட்சுமம் பிடிபட்டது. ஓர் இலைகூட அசையாத நேரத்தில், வாளி வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும், கம்பத்தின் உச்சியில் கிண்ணங்கள் பம்பரமாகச் சுற்றின. கன்ட்ரோலர் அதை நம்பி, புயல் வருகிறது, விலகுங்கள் என்று அனுமதி கொடுத்தது. அனுமதியை வாங்கிக்கொண்ட பேனல்கள், படுப்பதற்குப் பதிலாக வாளியைப் பார்க்கப் போயின. அதாவது, காற்று என்று பொய் சொல்லிவிட்டு! ஏணியார் தன் கையால் எழுதிய பாதுகாப்புக் கோட்டையே படியாக வைத்து அவை ஏறிக் குதித்திருந்தன. பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சீட்டுக் கொடுத்துவிட்டுச் சினிமாவுக்குப் போன பிள்ளைகளைப் பிடித்த தகப்பனைப்போல அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாளி வயலை விட்டு வெளியே போன பிறகும் அந்தப் பொய் ஓயவில்லை. தெருவுக்குப் பழகிவிட இரண்டு வாரம் பிடித்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் வயல் தெரியும், பேனல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம் வாளி இருக்கிறார் என்று அர்த்தம். அவர் மனைவிக்கு இது பெரிய உபகாரமாகப் போயிற்று. மாடி ஏறிக் கையால் வெயிலை மறைத்துப் பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டாரு, அடுப்பைப் பத்த வைக்கலாம்" என்று இறங்குவாள். ஒருநாள் பேனல்கள் மூன்று மணி நேரம் சீட்டாட்டக் கிளப்பின் திசையிலேயே நிற்க, வாளி அன்று வீட்டு வாசலில் நெடுநேரம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஏணியாரின் மனைவிக்கு இதில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சொல்வது கஷ்டம். "என் தங்கச்சி புருஷன் எங்க இருக்காருன்னு மூவாயிரத்துச் சொச்சம் கண்ணாடி சொல்லுது. என் புருஷன் எங்க இருக்காருன்னு கேட்டா, அந்தப் பெட்டிக்கு முன்னாடி இருக்காருன்னு நானே சொல்லிடலாம்" என்று குழாயடியில் நின்று சொன்னாள். வீட்டுக்குள் அதைவிட நேராகக் கேட்டாள்.

"ஏங்க, பன்னண்டு வருஷமா நீங்கதானே அதுங்களைப் பாத்துக்கிறீங்க?"

"ஆமா, அதுக்கு இப்ப என்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன். ஒருக்காவாச்சும் திரும்பிப் பாத்துச்சா?"

ஏணியார் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். கேள்வி எழுந்திருக்கவில்லை. மறுநாள் முகச்சவரம் செய்து, கல்யாண நாளுக்கு எடுத்த வெளிர்பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாளி வருவதற்கு முன்பாகவே வயலுக்குப் போனார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதேச்சையாக வந்தவர்போல நடந்தார். நடுவில் ஒரு தடவை இருமினார். பேனல்கள் வாளியின் வீடு இருக்கும் தெருவைப் பார்த்தபடியே நின்றன. வாளி அவற்றோடு பேசுவார் என்று கேள்விப்பட்டிருந்ததால் இவரும் பேசிப் பார்த்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் போன மாதத்து வெப்பநிலை அளவுகளைச் சொன்னார். பிறகு ஒரு நாள் தானே ஒரு வாளி வாங்கிக்கொண்டு போனார், அதுவும் நீலம். ஆறு பேனல்களைத் துடைத்தார். ஏழாவதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது. ஏணியார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தோளுக்கு மேலாகப் பார்த்தார். பின்னால் வாளி நின்று, "அண்ணே, ஓரத்துல அழுக்கு விட்டுட்டீங்க" என்றார்.

இதெல்லாம்கூட ஒருவழியாக ஆறியிருக்கும். மேனேஜர் சும்மா இருந்திருக்க வேண்டும். மின்சாரம் பதினோரு சதவீதம் கூடியதில் அவருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்திருந்தது. வாளிக்குப் பம்பு அறை நிழலில் உட்கார ஒரு நாற்காலி போட்டார், கைப்பிடி வைத்தது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை கன்ட்ரோல் அறைக்கு வந்து, "நம்ம வாளிகிட்டயும் இந்த ரூம் சாவி ஒண்ணு இருக்கட்டுமே, அவர் சொன்னாத்தான் அதுங்க கேக்குது" என்றார். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சாவி ஒன்றுதான், அது ஏணியாரின் அரைஞாணிலேயே தொங்கியது, குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. "தாராளமா" என்றார் ஏணியார். சாவியை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு வந்தபோது அவர் இடுப்பில் ஒரு பக்கம் எடை குறைந்து, இரண்டு நாள் லேசாகச் சாய்ந்தே நடந்தார்.

மூன்றாம் நாள், புதன்கிழமை மத்தியானம், அந்தக் காரியத்தைச் செய்தார். கன்ட்ரோலர்காரர்கள் அதற்கு ஃபோர்ஸ் போடுவது என்பார்கள். கருவி என்ன சொன்னாலும் காதில் வாங்காதே, நான் சொல்வதை மட்டும் நம்பு என்று கன்ட்ரோலரின் மண்டையில் ஒரு பொய்யை அழுத்தி வைப்பதுதான் ஃபோர்ஸ். சோதனை செய்யும்போது ஐந்து நிமிஷத்துக்குப் போட்டுவிட்டு எடுத்துவிடுவார்கள். ஏணியார் காற்றைப் பூஜ்யம் என்று ஃபோர்ஸ் போட்டார். இனி கிண்ணம் எவ்வளவு சுற்றினாலும் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் அனுமதி இல்லை, அனுமதி இல்லாவிட்டால் சூரியனைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியாது. ஃபோர்ஸ் இருக்கும்வரை கன்ட்ரோலரின் நெற்றியில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். ஃபோர்ஸ் போட்டவன் உடனே ஒரு சீட்டெழுதி, யார் போட்டது, எந்தத் தேதி, என்ன காரணம் என்று குறித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். அந்த விதியை வைத்தவரே ஏணியார்தான், சீட்டு ஒட்ட மறந்த ஒரு ஃபிட்டரை வேலையை விட்டே ஓட வைத்திருக்கிறார். அன்று அவர் சீட்டு எழுதவில்லை. ஆரஞ்சு விளக்கின்மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டினார், அலமாரியைச் சாத்தினார், அதற்கப்புறம் அந்தக் கதவின் பக்கமே போகவில்லை.

அடுத்த மூன்று நாள் பேனல்கள் ஒழுக்கமாகச் சூரியனோடு கிழக்கிலிருந்து மேற்கே போயின. வாளி உள்ளே வரும்போது கிண்ணங்கள் பைத்தியமாய்ச் சுற்றும், மோட்டார்கள் முனகும், ஒரு பேனலும் அசையாது. மின்சாரம் பதினோரு சதவீதமும் குறைந்து அதற்குமேல் நாலு சதவீதம் குறைந்தது. மேனேஜர் கைப்பிடி வைத்த நாற்காலியை மேலும் கீழும் பார்த்தார். வாளி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஒவ்வொரு பேனலையும் இரண்டு தடவை துடைத்தார். கன்ட்ரோல் அறையையும் புதுச் சாவி போட்டுத் திறந்து தூசி தட்டினார். அவர் மனைவி மாடி ஏறிப் பார்த்துவிட்டு, சூரியனும் தன் புருஷனும் ஒரே இடத்தில் இருப்பதாகக் கணக்குப் போட்டு மூன்று நாளும் சோற்றைக் குழைய விட்டாள். ஏணியார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாளியைப் பார்க்காத பேனல்கள் தன்னைப் பார்க்கும் என்று அவர் எதிர்பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்தப் பச்சைச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டேகாலுக்கு நிஜக் காற்று வந்தது. அறிவிப்பெல்லாம் இல்லை, முதலில் சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரை எழுந்து, மேனேஜரின் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போயிற்று. ஏணியார் திரையைப் பார்த்தார். காற்று: பூஜ்யம். வெளியே மரங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பேனல்கள் எல்லாம் மேற்குச் சூரியனைப் பார்த்து நிமிர்ந்து நிற்க, காற்றும் மேற்கிலிருந்தே வந்தது. தூண்கள் ஊளையிடும் சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. நாற்பதாவது வரிசைக்கு நடுவில், மண் கண்ணில் விழாமல் வாளியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, அவருடைய சகலை நின்றார். ஒரு வரிசை பிடுங்கிக்கொண்டால் ஆள் இரண்டாகிவிடுவார்.

ஏணியார் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கோணல்மாணலான எழுத்து. போட்டவர்: பெரிய சகலை. தேதி: புதன்கிழமை. காரணம்: அவருக்குத் தெரியும். நாலு மூலையும் படியும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தூசியில்லாமல் ஒட்டியிருந்தது. ஏணியார் ஃபோர்ஸை எடுக்கும் பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாம் தடவை அழுத்தினார். காற்று தொண்ணூற்றெட்டு என்று திரை அலறியது. அனுமதி பேனல்களுக்குப் போயிற்று. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பேனல்களும் சூரியனை விட்டன.

விட்டவை படுத்திருக்க வேண்டும். மூன்று நாள் பிரிவு. எல்லாம் சேர்ந்து விசுக்கென்று வாளியின் பக்கம் திரும்பி, செங்குத்தாக நின்று அவரைப் பார்த்தன. ஏழாம் வரிசையில் இரண்டு கண்ணாடிகள் வெடித்தன. இனிமேல் லேடரில் எழுத எதுவும் இல்லை என்று ஏணியாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வெளியே ஓடினார். காற்று இரண்டு தடவை கீழே தள்ளியது, மூன்றாம் தடவை எழுந்து ஓடி, வாளியின் இடுப்பைப் பிடித்துக் கேபிள் புதைக்க வெட்டியிருந்த பள்ளத்துக்குள் உருட்டி, அவர்மேல் தானும் குப்புற விழுந்து முழுசாக மூடினார். சகலையின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நீல வாளியைக் கவிழ்த்தார். பேனல்கள் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள்போல இங்கும் அங்கும் பார்த்தன. தென்பட்டதெல்லாம் ஒரு பச்சைச் சட்டையின் முதுகு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றும் விசேஷமில்லை என்று தெரிந்ததும், நிரலில் எழுதியிருந்தது ஞாபகம் வந்து ஒவ்வொரு வரிசையாகத் தட்டையாகப் படுத்தன. காற்று அவற்றின்மேல் இருபது நிமிஷம் ஓடியது.

"சகலை, காத்த ஃபோர்ஸ் போட்டு வச்சது நான்தான்" என்றார் ஏணியார், மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு.

"தெரியும்ணே" என்று வாளிக்குள்ளிருந்து எதிரொலியோடு வந்தது. "டேப்புக்குத் தூசி தட்டினப்ப லைட் தெரிஞ்சுது. நீங்க மறந்துட்டீங்களேன்னு நான் சீட்டு ஒட்டினேன்."

"தெரிஞ்சும் ஏன்டா வாயத் தொறக்கல?"

"நீங்க போட்டா ஒரு காரணம் இருக்கும்ல."

"என்ன காரணம்னு கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

ஏணியார் யோசித்துப் பார்த்தார். "மாட்டேன்."

"அதான்."

காற்று ஒரு சுற்றுப் போய் வந்தது. "பன்னண்டு வருஷம்டா" என்றார் ஏணியார். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அரை டிகிரி என் பக்கம் திரும்பியிருந்தாப் போதும்டா எனக்கு."

வாளி ஒரு தடவை லேசாக அசைந்தது. பிறகு, "அண்ணே, முழங்கை விலாவுல குத்துது, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றது. ஏணியார் தள்ளிப் படுத்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

சேதம் என்று பார்த்தால் இரண்டு பேனல், ஒரு தகரக் கூரை, மேனேஜரின் குடை. திங்கட்கிழமை ஏணியார் வாளி எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு, விதிப்படி தன் கையெழுத்தில் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினார். காரணம் என்ற இடத்தில் நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, வயிற்றெரிச்சல் என்று எழுதினார். உள்ளதைச் சொல்லிவிட்டால் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எழுதினார். மேனேஜர் வந்து படித்தார், இரண்டு தடவை படித்தார், முகம் இளகியது. "எத்தனை நாளா இருக்கு? வயித்தைக் காயப் போட்டா இப்படித்தான், வேலையில கவனம் இருக்காது" என்று சொல்லி இரண்டு நாள் லீவும் ஒரு பட்டை மாத்திரையும் கொடுத்தார். ஏணியார் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் குறைந்ததாகவே சொன்னார்.

லீவு முடிந்து வந்ததும் நிரலில் ஒரு புதுப் படி சேர்த்தார். காற்றுக் கோடு மேலே. அதன்கீழ் இன்னொரு கோடு, அதற்குச் சகலை என்று பெயர். இனிமேல் வாளியைப் பார்க்கப் பொய் சொல்ல வேண்டியதில்லை, நேராகவே போகலாம். இரண்டும் சேர்ந்து வந்தால் காற்று சொல்வதுதான் செல்லும், எல்லாரும் படுக்க வேண்டும். பேனல்கள் அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டன, கிண்ணங்கள் காற்றுக்கு மட்டும் சுற்றின, பதினோரு சதவீதம் திரும்பி வந்தது. வாளி வெளியூர் போவதானால் முந்தின நாளே எழுதித் தர வேண்டும் என்று ஒரு படிவம் அச்சாயிற்று. ஏணியாரின் பொறாமை போய்விட்டதா என்றால், தெரு அப்படியெல்லாம் நம்புவதில்லை. அவர் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பம்பு அறைப் பக்கம் போய், வாளியின் நாற்காலிக்கு அருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தோளோடு தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். முதல் நாள் சாப்பிட்டு முடித்து அண்ணாந்தபோது எண்பத்தெட்டு வரிசையும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் மனைவி, "மத்தியானம் மாடியிலேர்ந்து பாத்தேன், எல்லாம் பம்பு ரூம் பக்கம் திரும்பி இருந்துச்சு. யாரைப் பாத்துச்சாம்?" என்றாள்.

"எங்கள" என்றார் ஏணியார்.

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். மறுநாள் எட்டு மணிக்குப் பேனல்கள் வழக்கம்போலத் தெருவைப் பார்த்து நின்றன. எட்டேகாலுக்கு ஏணியாரின் ஸ்கூட்டர் கிளம்பியது. முன்னால் ஏணியார், பின்னால் வாளி, வாளியின் மடியில் வாளி. பேனல்கள் கூடவே மெல்லத் திரும்பிக்கொண்டு வந்தன. ஏணியார் அவசரப்படாமல் இரண்டாவது கியரிலேயே ஓட்டினார்.